மூன்றாம் நிலையில் நின்ற குழாய்

குழாய் மூன்றாம் நிலையில் நின்றது. இரண்டாம் நிலையில் நின்றிருக்க வேண்டும்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் உதடும் டிராம்போனில் இருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லை. கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினேன். ஈனோஸின் இழுகுழாய் நாலு விரல் அளவு கூடுதலாக வெளியே போயிருந்தது. டிராம்போனில் குழாயை வெளியே இழுக்க இழுக்கச் சுரம் இறங்கும், அது நிற்கும் ஒவ்வொரு இடமும் ஒரு நிலை. மேலே வயலின்கள் எல்லாம் காந்தாரத்தில் நின்றன. இவன் அதற்கு அரைச்சுரம் கீழே, இறங்கிய காந்தாரத்தை நெஞ்சு நிறைய ஊதிக்கொண்டிருந்தான். அந்த இசையின் கடைசிக் கூட்டுச்சுரம் அது, எல்லா வாத்தியமும் ஒன்றாகப் பிடிப்பது. எட்டு எண்ணிக்கை பிடிக்க வேண்டும். பிறகு நடத்துபவர் கையை இறக்குவார்.

எட்டு முடிந்தது. கை இறங்கவில்லை. ஒன்பது, பத்து. நடத்திக்கொண்டிருந்தவர்தான் அதை எழுதியவரும். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். கோபம் என்று நினைத்தேன். ஆனால் வாய் லேசாகத் திறந்திருந்தது. பன்னிரண்டில் கை கீழே வந்தது. ஈனோஸுக்கு மூச்சு தீர்ந்து முகம் செங்கல் நிறமாகியிருந்தது.

"என்னடா பண்ணே?" என்றேன், கைதட்டலுக்கு நடுவில்.

"எழுதினதை வாசிச்சேன்."

"எழுதினது அது இல்லடா. காந்தாரம் இறங்கிப்போச்சு."

அவன் தாளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

எங்கள் மில் ஊரான ஹோம்ராய்டின் மெக்கானிக்ஸ் ஹாலில், 1908 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை நடந்தது இது. எழுதியவர் ஆம்ப்ரோஸ் ஹெலிவெல். எங்கள் சேப்பல் ஆர்கன்காரரின் மகன். இருபத்துமூன்று வயது, ஓயாத இருமல், வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு. 'மேட்டுநிலத்தில் காலை' அவருடைய முதல் ஆர்கெஸ்ட்ரா இசை. ஊரில் இருந்த வயலின்காரர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து கெஞ்சிக் கூட்டிவந்த புல்லாங்குழல்காரர்கள், மில் பேண்டிலிருந்து நாங்கள் என்று நாற்பது பேர். டிராம்போன் இரண்டுதான். முதல் டிராம்போனுக்கு ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து வரவேண்டியவர் ரயிலை விட்டுவிட்டார். ஐந்து மணிக்கு எங்கள் பேண்டின் டிராம்போன்காரன் ஈனோஸ் கார்சைடின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவன் டீயும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரொட்டியோடு வந்தான். ஒத்திகை இல்லை.

தப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேண்டில் சின்ன கார்னெட்டிலிருந்து பெரிய குழல் வரைக்கும் ஒரே குறியில்தான் எழுதித் தருவார்கள். எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று தாளின் தொடக்கத்தில் காட்டுவதுதான் குறி. ஒருவன் படுத்துவிட்டால் அடுத்தவன் அவனுடைய வாத்தியத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக அப்படி. பாஸ் டிராம்போன் வாசிக்கும் எனக்கு மட்டும் தனிக் குறி. ஆர்கெஸ்ட்ராவில் முதல் டிராம்போனுக்கு வேறொரு குறி. ஆனால் அதிர்ஷ்டம் என்னவென்றால், அதைப் பேண்டுக் குறி என்று நினைத்துக்கொண்டு வாசித்தாலும் ஏறக்குறைய எல்லாமே சரியாக விழும். இரண்டு சுரங்கள்தான் உதைக்கும். அந்த இரண்டையும் மனதுக்குள் அரைச்சுரம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பேண்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஈனோஸுக்கும் தெரியும். அன்று பயத்தில் மறந்துவிட்டான். டிராம்போனுக்கு அந்த இசையில் கடைசி வரி வரை வேலை இல்லை. கால் மணி நேரம் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்து, எழுந்து மூன்றே மூன்று சுரம் வாசிக்க வேண்டும். மூன்றாவது, அந்தக் காந்தாரம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, சிற்றுண்டி இடைவேளையில், ஹெலிவெல் சாயக்கூடத்துக்கு வந்தார். நான் அங்கே வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். ஈனோஸ் அவுரித் தொட்டியில் இருந்தான். முழங்கை வரை நீலம். ஆவியில் ஹெலிவெல்லுக்கு இருமல் வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார்.

"கார்சைடு, சனிக்கிழமை அந்த இடத்தை எப்படிப் படிச்சீங்க?"

"தப்பாப் படிச்சேன் மிஸ்டர் ஹெலிவெல். உங்க ராத்திரியைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கணும்."

"அதைக் கேக்கலை. எப்படித் தப்பாப் படிச்சீங்க?"

ஈனோஸ் சொன்னான். பேண்டுக் குறி மாதிரி படித்ததை, ஏற்ற மறந்ததை. ஹெலிவெல் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். முகம் மெல்ல மாறியது. சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ரெண்டு நாளா அது காதுலேயே நிக்குது. நான் எழுதினதை நினைச்சுப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. நீங்க வாசிச்சதுதான் வருது."

"இனிமே சரியா வாசிக்கிறேன்."

"வேண்டாம்," என்றார் ஹெலிவெல். "வாசிச்ச மாதிரியே இருக்கட்டும்."

கையை நீட்டினார். ஈனோஸ் தன் கையைக் காட்டினான், ஈரம், நீலம் சொட்டுகிறது என்று. அவர் அப்படியே பிடித்துக் குலுக்கினார். கடை வீதி வழியாக ஒரு நீலக் கையோடு நடந்து போனார். அந்த வாரமே தாள்களை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே அது அச்சானது.

ஈனோஸ் இதை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளத்தாக்கில் குடித்துவிட்டுப் பெண்டாட்டியைத் துரத்தியவனைக்கூட ஒரு குளிர்காலத்தில் மன்னித்துவிடுவார்கள். பீற்றிக்கொண்டவனை மன்னிக்கமாட்டார்கள். ஜாப் ஷா என்று ஒரு கார்னெட்காரன். ஒரே ஒரு நாள், மதுக்கடையில், "இந்த மாவட்டத்துலயே நான்தான்டா நல்லா ஊதறேன்" என்று சொல்லிவிட்டான். உண்மையும்கூட. அன்றிலிருந்து அவன் பெயர் மாவட்டம். "மாவட்டம் வருது, இடம் விடு." "மாவட்டத்துக்கு ஒரு பைண்ட் பீர் ஊத்து." முப்பது வருஷம் கழித்து அவன் செத்தபோது, குழியடியில் நின்றுகொண்டு, "மாவட்டத்தைப் புதைச்சாச்சு" என்றார்கள். அதில் அன்பும் இருந்தது. ஆனால் ஜாப்புக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை.

ஆகவே நாங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் லண்டனில் வாசித்தார்கள் என்று செய்தித்தாளில் வந்தது. விமர்சகர் ஒருவர் கடைசிக் கூட்டுச்சுரத்தைப் பற்றி மட்டும் அரைப் பத்தி எழுதியிருந்தார். அழுகையும் சிரிப்பும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல என்று. இரண்டு வருஷத்தில் ஹெலிவெல்லின் அடுத்த இசை, 'கல்சுவர்கள்'. அது அந்தக் கூட்டுச்சுரத்தில்தான் தொடங்கியது. ஈனோஸ் முடித்த இடத்தில் ஹெலிவெல் ஆரம்பித்திருந்தார். அவருடைய மூன்றாவது இசையில் அதே அரைச்சுர உரசல் அடியிலிருந்து முடி வரை ஓடியது. பிறகு உலகப் போர் வந்தது. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பதினொரு பேர் திரும்பவில்லை. அது கலைந்தது. ஹெலிவெல்லின் இசையை ஊரில் வாசிக்க ஆள் இல்லை.

ஆனால் ரேடியோ வந்தது. ஈனோஸ் தவணையில் ஒன்று வாங்கினான். ஞாயிறு மத்தியானம் நான் போவேன். அப்போதுதான் எங்களுக்குப் புரிய ஆரம்பித்தது. ஹெலிவெல் மட்டும் இல்லை. அவரிடம் படித்தவர்கள் அதை எழுதினார்கள். அவரைப் பிடிக்காதவர்களும் எழுதினார்கள். கடல் தாண்டி யாரோ ஒருவர் பெரிய சிம்பனியின் நடுவில் அதை வைத்திருந்தார். எங்கள் சேப்பலுக்கு வந்த புதுப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டின் முடிவில் வரும் 'ஆமென்' என்ற சொல்லில் அது இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் தெரியாமலே பாடினார்கள். எங்கள் ஊர் ஓடை சாயக்கூடத்தில் அன்று என்ன நிறமோ அந்த நிறத்தில் ஓடும். எட்டு மைல் கீழே குளிக்கிற வாத்துக்கு அது யார் கொட்டியது என்று தெரியாது. ஒருநாள் ரேடியோவில் ஒரு பேராசிரியர் விளக்கினார். அதற்கு ஹெலிவெல் முடிப்பு என்று பெயராம். மேட்டுநிலத்தில் பனிமூட்டமும் வெயிலும் ஒரே நேரத்தில் விழுவதைப் பார்த்து அவர் கண்டுபிடித்தாராம்.

"மேட்டுல எங்கடா பார்த்தார்?" என்றான் ஈனோஸ். "அந்த இருமலோட அவர் போஸ்ட் ஆபீசுக்கு மேல ஏறினதே இல்லை."

சிரித்தோம். ஆனால் அவன் எழுந்து ரேடியோவை அணைத்தான். பயந்துபோயிருந்தான் என்றுகூடச் சொல்லலாம். ஒரு சனிக்கிழமை அவன் கை நாலு விரல் தள்ளிப் போயிற்று. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

ஹெலிவெல் 1938இல் இறந்தார். ஊருக்கு அதற்கிடையில் ஒரே ஒருமுறை, அப்பாவைப் புதைக்க வந்தார். கூட்டத்துக்கு மேல் ஈனோஸைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

1951 கோடையில் மிஸ் ஆமரி வந்தார்.

நாடு முழுக்க விழாக் கொண்டாடிய வருஷம் அது. எங்கள் ஊரில் ஆர்கெஸ்ட்ரா மறுபடி கூடியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் பிக்கர்ஸ் நடத்தினார். ஹெலிவெல்லின் ஊரில் ஹெலிவெல்லின் முதல் இசை, அதே ஹாலில் என்று முடிவாகியிருந்தது. மிஸ் ஆமரி அவருடைய எல்லா இசையையும் பிழை நீக்கிப் புதிதாகப் பதிப்பிக்கும் வேலையில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோல் பெட்டி நிறைய தாள்கள், ஒரு பூதக்கண்ணாடி. ஹெலிவெல் தன் கையால் எழுதிய முதல் பிரதி அவருக்குக் கிடைத்திருந்தது. அச்சுப் பிரதியை அதோடு ஒப்பிட்டு நானூறு பிழை கண்டுபிடித்திருந்தார். திருத்திய தாள்களை எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுவந்தார். அச்சுக்குப் போகுமுன் காதால் கேட்டுவிட வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை மாலை ஒத்திகை. ஈனோஸுக்கு எழுபது, எனக்கு அறுபத்தெட்டு. பற்கள் போனபின் டிராம்போன் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதல் டிராம்போன் டோரீன், போஸ்ட் ஆபீஸில் தந்தி அனுப்பும் பெண். கால் மணி நேரம் எண்ணிவிட்டு எழுந்தாள். மூன்று சுரம் வாசித்தாள்.

உரசல் இல்லை.

எல்லா வாத்தியமும் ஒன்றாக, சுத்தமாக நின்றன. காந்தாரம் கண்ணாடி மாதிரி இருந்தது. மழை நின்றபின் ஓட்டுக்கூரைகள் பளபளக்குமே, அப்படி. நான் ஈனோஸைப் பார்த்தேன். அவன் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சைலஸ்," என்றான். "இது என்னடா?"

"எழுதினபடி வாசிச்சிருக்காங்க."

"இதைத்தான் அவர் எழுதினாரா?"

"ஆமா."

அவன் முன்நாற்காலியிலிருந்து கையை எடுத்தான்.

"நல்லா இருக்கே," என்றான்.

உண்மையிலேயே நன்றாக இருந்தது. நாற்பத்துமூன்று வருஷம் உலகத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ஹெலிவெல் மனதில் மட்டும் அது ஒலித்திருக்கிறது. இருபத்துமூன்று வயதில், மாதக்கணக்காக அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் செய்து, மேடையில் ஏறி, அது உடைவதைக் கேட்டு, கையை இறக்காமல் நின்றிருக்கிறார்.

மிஸ் ஆமரி மேடை ஓரத்தில் பிக்கர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் எதிரொலி இருந்ததால் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பழைய அச்சில் அச்சுக்கோத்தவன் கடைசியில் தவறு செய்திருக்கிறான், அந்தத் தவறை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எவ்வளவு எழுதிவிட்டார்கள் பாருங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அதோடு அந்த உரசல் முடிந்தது.

"ஹெலிவெல்லே சம்மதிச்சிருந்தா?" என்று பிக்கர்ஸ் கேட்டார்.

"யார் சொன்னது? ஒரு கடுதாசி இல்லை, ஒரு குறிப்பு இல்லை. இருந்தா காட்டுங்க, நானே விட்டுடறேன்."

நாங்கள் ஈனோஸ் வீட்டுக்கு நடந்தோம். அவன் மனைவி செலினா கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு செத்தாங்க?"

நான்தான் சொன்னேன். செலினா கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்போ போய்ச் சொல்லு. சம்மதிச்சார்னு உனக்குத்தானே தெரியும்."

"நான் போய், ஹெலிவெல்லுக்கு நான்தான் கத்துக்குடுத்தேன்னு சொல்லச் சொல்றியா?"

"சம்மதிச்சார்னு சொல்லச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஊர் என்ன சொல்லும்?"

"ஜாப் ஷாவைச் சொன்ன மாதிரி சொல்லும். செத்தா போயிட்டான் அவன்?"

"செத்துப்போனானே."

"அது நிமோனியா."

ஈனோஸ் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். செலினா விடவில்லை.

"இந்தா பாரு. சினிமாக் கொட்டகையில, அந்த ரயில் கிளம்புற கட்டத்துல, என் கையைப் பிடிச்சு நசுக்கினியே. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கப்புறம் மனுஷனுக்கு ஆசை வந்திருக்குன்னு நினைச்சேன். அப்புறம்ல தெரிஞ்சுது, அது பின்னணி இசையில வந்த உன் டிராம்போன் சுரத்துக்குன்னு. அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கு எனக்கு."

"அவர் முதல்ல எழுதினதும் நல்லா இருந்துது செலினா."

"இருக்கட்டுமே. அவருக்கு எது வேணும்னு சொன்னார்? உன் கையைப் பிடிச்சுக்கிட்டு எதைச் சொன்னார்?"

ஈனோஸின் கையில் ஒரு பூட்ஸ் இருந்தது. டீ குடித்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் கதவைத் தட்டினான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தான்.

"நீயும் வா. தனியாப் போனா பீத்தல் மாதிரி இருக்கும்."

மிஸ் ஆமரி மிசஸ் ஆர்மிட்டேஜ் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். சாப்பாட்டு மேஜை, ஜன்னல் விளிம்பு, சோபா எல்லாம் தாள்கள். எங்களுக்கு உட்கார இடம் இல்லை. ஈனோஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ரயிலை விட்டவர், ரொட்டி, பயம், இழுகுழாய், சாயக்கூடம், வாசிச்ச மாதிரியே இருக்கட்டும்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மென்மையாகச் சொன்னார்:

"மிஸ்டர் கார்சைடு, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை. ஆனா நாப்பத்துமூணு வருஷம். இந்த மாதிரி கடுதாசி எனக்கு மாசம் ரெண்டு வருது. ஹெலிவெல்லுக்கு நான்தான் அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன்னு ஒரு பால்காரர் எழுதியிருக்கார்."

ஈனோஸின் காது சிவந்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"சரி மிஸ். நேரத்தைக் கெடுத்துட்டேன்."

"எப்படித் தப்பாப் படிச்சான்னு கேளுங்க," என்றேன் நான். "ஹெலிவெல் அதைத்தான் முதல்ல கேட்டார்."

மிஸ் ஆமரி என்னை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தை எடுத்து, டிராம்போன் வரியை விரலால் காட்டினார்.

"அன்னிக்குப் படிச்ச மாதிரியே படிங்க."

ஈனோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். தாளைப் பார்த்தான். வலது கை தானாக முன்னால் வந்தது. காற்றில் ஒரு குழாயைப் பிடித்தது. முதல் சுரம். கை நகர்ந்தது, நெஞ்சோடு ஒட்டி நின்றது. பிறகு வெளியே போய் நின்றது.

"மறுபடி," என்றார் மிஸ் ஆமரி.

மறுபடியும் அப்படியே.

"நடுவுல எங்க நின்னுது கை?"

"முதல் நிலை மிஸ். அதான் எழுதியிருக்கு." பிறகு அவனே நிறுத்திக்கொண்டான். "இல்ல. எழுதினது அது இல்ல. இதையும் ஏத்தணும். நாலாம் நிலைக்குப் போகணும்."

"அப்போ அன்னிக்கு நிஷாதமும் இறங்கியிருக்கும்," என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஏற்ற வேண்டிய சுரங்கள் இரண்டு. மறந்தவன் இரண்டையும்தானே மறந்திருப்பான். நடுச்சுரம் ஒரு நொடியில் கடந்துபோனது, எங்கள் இருவர் காதிலும் அது தங்கவே இல்லை.

மிஸ் ஆமரி எழுந்தார். சோபாவிலிருந்து பழைய அச்சுப் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவருடைய சிவப்பு மைக் குறிகள் அதில் இருந்தன. கடைசிச் சுரத்தைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு முந்தின சுரத்தைச் சுற்றி இன்னொரு வட்டம். ஓரத்தில் எண் போட்டிருந்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"ரெண்டு தனித்தனிப் பிழைன்னு எழுதி வச்சிருக்கேன்," என்றார். குரல் மாறியிருந்தது. "அச்சுக்கோத்தவனுக்குக் கண் தவறிடுச்சுன்னு. எந்த அச்சுக்கோத்தவனும் இந்த ரெண்டுல மட்டும், இப்படி மட்டும் தவறமாட்டான்."

பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கற்றைத் தாளின்மேல்தான் உட்கார்ந்தார். அதைக் கவனிக்கவில்லை.

"பேண்டுக்காரன் மட்டும்தான் தவறுவான். அதை அவர் கேட்டிருக்கார். ரெண்டையும் கேட்டிருக்கார். ரெண்டையும் வச்சுக்கிட்டார்." பெட்டியிலிருந்து மற்ற இசைகளின் பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். 'கல்சுவர்கள்', அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "இந்த ரெண்டு சுரம்தான். முப்பது வருஷம் இந்த ரெண்டையும்தான் திருப்பித் திருப்பி எழுதியிருக்கார். கடவுளே!"

ஈனோஸ் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"அப்போ விட்டுடுவீங்களா மிஸ்?" என்று கேட்டான்.

"விடறேன். ஆனா உங்க பேரைப் போடணும்."

"அது வேண்டாம்."

"பேரு, ஊரு, தொழில். சாட்சி இல்லாம நான் போட முடியாது."

"வாத்தியக்காரர் ஒருத்தர் சொன்னார்னு போடுங்களேன்."

"போடலாம். பத்து வருஷத்துல என்னை மாதிரி ஒருத்தி வருவா. யாரந்த வாத்தியக்காரர்னு கேப்பா. ஆள் இல்லைன்னா திருத்திடுவா. நானாயிருந்தா திருத்துவேன்."

ஈனோஸ் ஜன்னலுக்குப் போனான். எதிரே இறைச்சிக்கடை. கடைக்காரன் ஆல்பர்ட் சுத்தியலோடு எதையோ உடைத்துக்கொண்டிருந்தான். ஈனோஸ் அவனை நெடுநேரம் பார்த்தான்.

"நேத்துக் கேட்டேன் மிஸ், அவர் முதல்ல எழுதினதை. எனக்கு அது தெரியவே தெரியாது. நான் ஏதோ மோசமானதை மாத்திட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது நல்லா இருந்துது. அதைப் போய் விட்டுக் குடுத்திருக்கார்." திரும்பினான். "அவர் அதைக் குடுத்தார். நான் இதைக் குடுக்கமாட்டேன்னா எப்படி? போடுங்க."

மிஸ் ஆமரி எழுதிக்கொண்டார். ஈனோஸ் கார்சைடு, ஹோம்ராய்ட், சாயக்காரர்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. தாள்களை மறுபடி பழையபடி மாற்ற வேண்டியிருந்ததால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்றார் பிக்கர்ஸ். மேடையில் ஏறி, பெயரோடு சொன்னார். முந்நூறு தலைகள் திரும்பின. ஈனோஸ் எனக்கும் செலினாவுக்கும் நடுவில் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நிமிர்ந்து உக்காரு," என்றாள் செலினா. "தூக்குல போடப்போற மாதிரி இருக்கே."

டோரீன் எழுந்தாள். முதல் சுரம். இறங்கிய நிஷாதம் கடந்துபோனதை நாற்பத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக என் காது பிடித்தது. நிழல் ஒன்று சுவரைத் தாண்டுவதுபோல அது போனது. பிறகு அந்தக் காந்தாரம். வயலின்கள் மேலே இருந்தன, அவள் கீழே இருந்தாள். நடுவில் இருந்த அந்த அரைச்சுர இடைவெளி ஹாலைவிடப் பெரிதாக இருந்தது. ரேடியோவில் இதெல்லாம் வராது. நாற்காலி அதிர்ந்தது. முந்தின வரிசையில் ஒரு பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நாங்கள் சாயம் தோய்த்து, ஊதி, இருமி வாழ்ந்த ஊர் இது. இங்கிருந்து இப்படி ஒன்று போயிருக்கிறது என்று எனக்கு அப்போதும் முழுதாக நம்ப முடியவில்லை.

டோரீன் டிராம்போனை இறக்கினாள். பிறகு கைதட்டல் வந்தது.

வெளியே படிக்கட்டில் ஆல்பர்ட் நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்தான்.

"மேஸ்ட்ரோ," என்றான். "நடந்தா போறீங்க? சாரட் வரலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஈனோஸ் ஆல்பர்ட்டைப் பார்த்தான்.

"வரலை," என்றான். "உன் இறைச்சி வண்டியைக் கொண்டா."

மறுநாள் ஞாயிறு. காலையில் தூறல். ஈனோஸ் சேப்பலுக்குப் போனான். வாசலில் நாலு பேர் அவனை மேஸ்ட்ரோ என்று கூப்பிட்டார்கள். பாதிரியாரும் கூப்பிட்டார். மிஸ் ஆமரி பத்து நாற்பது ரயிலில் கிளம்பினார். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், கனம். மத்தியானம் ஈனோஸ் வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கருகிய புட்டிங். செலினா அடுப்பைக் குறை சொன்னாள். சாப்பிட்டபின் ஈனோஸ் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். மூன்று மணிக்கு மழை விட்டது. அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கினான். ஐந்து மணிக்கு நான் வீட்டுக்கு வந்தேன்.